மாடித் தோட்டத்தில் அணில்: தக்காளியும் மாதுளையும் மிஞ்ச என்ன வழி?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். மூன்று வருடமாக மொட்டைமாடியில் தோட்டம் போட்டு வருகிறேன். முப்பது பைகளில் காய்கறி, நாலு நீல டிரம்மில் மாதுளை, கொய்யா, அத்தி, எலுமிச்சை. முதல் இரண்டு வருடமும் அணில் வரும், போகும். பெரிய சேதம் இல்லை. பக்கத்து வீட்டு வேப்பமரக் கிளை எங்கள் கைப்பிடிச் சுவரைத் தொட்ட பிறகுதான் நிலைமை மாறியது. இந்த மாசியில் தக்காளி சிவக்க ஆரம்பித்ததிலிருந்து தினமும் நாலைந்து பழம் பாதி கடித்துக் கிடக்கிறது. ஒரு பழத்தை எடுத்து முழுதாகத் தின்றால்கூட மனசு ஆறிவிடும். ஐந்து பழத்திலும் ஒவ்வொரு வாய் கடித்து வைத்தால் என்ன செய்வது? மாதுளையில் பதினொரு காய் எண்ணி வைத்திருந்தேன். இன்று இரண்டுதான் நல்லபடியாக இருக்கிறது.

பழைய சிடி கட்டினேன். ரப்பர் பாம்பு வைத்தேன். நாலு நாள் வரவில்லை, ஐந்தாம் நாள் பாம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றது. நைலான் வலை போர்த்தினேன். ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் ஓட்டை.

தெரிந்தவர் ஒருவர் எலி மருந்து வைக்கச் சொன்னார். அதை மட்டும் செய்ய மாட்டேன். எங்கள் அம்மா அணிலை ‘அணிற்பிள்ளை’ என்றுதான் சொல்வார். ராமர் தடவிக் கொடுத்த முதுகு என்று சொல்லிச் சோறு வைத்து வளர்ந்த வீடு இது. அணிலும் இருக்க வேண்டும், எங்களுக்கும் நாலு பழம் கிடைக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சிட்டுக்குருவி (சென்னை)

வைகைக்கரை ஐயா, வலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. தின்றது அணில்தான் என்று கண்ணால் பார்த்தீர்களா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், நான் இரண்டு வருடம் அணிலைத் திட்டிக்கொண்டிருந்தேன், எங்கள் கொய்யாவைத் தின்றது வௌவால். அணில் பகலில் மட்டும்தான் நடமாடும். விடிந்ததும் ஒரு சுற்று, வெயில் இறங்கியதும் ஒரு சுற்று. இருட்டியபின் கூட்டை விட்டு வராது. அதனால் மாலை ஆறரைக்கு ஒருமுறை, விடியுமுன் ஒருமுறை பழங்களைப் போய்ப் பாருங்கள். இரவுக்குள் சேதம் என்றால் எலி, பெருச்சாளி, வௌவால், சில ஊர்களில் மரநாய். வௌவால் பழத்தை மென்று சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையை உருண்டையாகத் துப்பிவிட்டுப் போகும், தரையில் கிடக்கும். கிளி கொத்தினால் அலகு பட்ட ஒழுங்கில்லாத கீறலாக இருக்கும், பழத்தைப் பாதியில் கீழே தள்ளிவிடும். அணில் கடித்த இடத்தில் முன்பல் சுரண்டிய இரட்டைக் கோடு தெரியும்.

மாதுளைக்குத் தனியாகச் சொல்கிறேன். பென்சில் நுழைகிற அளவு வட்ட ஓட்டை, அதன் வாயில் ஈரமான கழிவு, நாற்றம். இப்படி இருந்தால் அது அணிலே இல்லை. மாதுளைப் பழத்துளைப்பான் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும்; புழு உள்ளே துளைத்துப் போய் முத்துகளைத் தின்னும்.

வைகைக்கரை

மிக்க நன்றி. ஞாயிறு காலை ஐந்தரையிலிருந்து பத்து வரை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி.

தக்காளி: அணில்தான், சந்தேகமே இல்லை. ஏழு மணிக்கு இரண்டு வந்தன, வேப்பங்கிளை வழியாக. மாதுளை: கெட்ட ஒன்பதையும் அறுத்துப் பார்த்தேன். நாலு காயில் புழு. மற்ற ஐந்தில் பெரிய ஓட்டை, உள்ளே வழித்து எடுத்தது போலக் காலி. கொய்யா: மாலை நன்றாக இருந்தது, விடியற்காலையில் கீழே சக்கை உருண்டை. ஆக மூன்று பேர் செய்ததை எல்லாம் ஒருவர் தலையில் கட்டியிருக்கிறேன். இது தெரியாமல் வலைக்குச் செலவு செய்துவிட்டேன்.

தோப்புக்காரர் (பொள்ளாச்சி)

நான் தென்னைக்கு ஊடே கோகோ போட்டிருக்கிறேன். எங்களுக்கு இது தினப்படிப் பிரச்சினை. எங்கள் தோட்டத்தில் ஒரு கணக்கு உண்டு: காம்பை ஒட்டிக் கடித்திருந்தால் எலி, காயின் நடுவயிற்றில் ஓட்டை போட்டிருந்தால் அணில். இன்னொன்று, எலி காய், பழம் எதையும் விடாது. அணில் பழுத்ததைத்தான் தேடி வரும். இதிலேயே பாதி மருந்து இருக்கிறது. பழுத்த காயை மரத்தில் விடாமல் நாள் தவறாமல் பறித்தால் அணில் சேதம் கண்கூடாகக் குறைகிறது. பத்து நாள் பறிப்பைத் தள்ளிப்போட்ட வருடம் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

தென்னையில் எலி ஏறாமலிருக்கத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தை அடிமரத்தைச் சுற்றி அடிப்போம். நகம் பிடிக்காமல் வழுக்கிவிடும். ஆனால் பக்கத்து மரத்து மட்டை உரசினால் தகரம் அடித்துப் பயனில்லை. உங்கள் வீட்டிலும் அந்த வேப்பங்கிளைதான் பாலம். பக்கத்து வீட்டாரிடம் கேட்டு, சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கும்படி கழிக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மண்புழு (தஞ்சாவூர்)

மிளகாய்க் கரைசல் யாரும் சொல்லவில்லையே? ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாயும் பத்துப் பல் பூண்டும் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடித்துத் தெளிக்கிறேன். அணில் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. பாலூட்டிகளுக்கு மட்டும்தான் எரியும். அதனால் குருவிக்குத் தொந்தரவில்லை.

சிட்டுக்குருவி

தோழி, நானும் ஒரு வருடம் முழுக்கச் செய்து பார்த்தவள். பயன் இருக்கிறது, ஆனால் இரண்டு நாளைக்குத்தான். ஒரு தூறல் விழுந்தால் போச்சு, செடிக்கு மேலே தண்ணீர் ஊற்றினாலும் போச்சு. மிளகாயின் காரச் சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கி, சில சொட்டு சோப்புத் தண்ணீருடன் கலந்தால்தான் ஒட்டும். அப்படிச் செய்ததை வெயில் நேரத்தில் அடித்து என் வெள்ளரி இலையெல்லாம் கருகிவிட்டது. பழத்தைக் கழுவிச் சாப்பிடுகிற வீட்டுக்குச் சரி. மாடிக்கு வந்து அப்படியே பறித்து வாயில் போடும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

விதை போட்ட பைக்கு மட்டும் நான் இன்னும் மிளகாய்த்தூள் தூவுகிறேன். அணில் மண்ணைக் கிளறி நிலக்கடலை, மக்காச்சோளம், அவரை விதையை எடுப்பதை அது கொஞ்சம் தடுக்கிறது.

பனையோலை (யாழ்ப்பாணம்)

விதைக்கு எங்கள் ஊரில் முள்தான். கச்சான் (நிலக்கடலை) விதைத்த பாத்தியில் எலுமிச்சை முட்கொப்புகளைப் பரப்பிவிடுவோம். முளைத்து இரண்டு இலை விட்டதும் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு அணில் கிண்டுவதில்லை.

பழத்துக்கு அம்மம்மா காலத்திலிருந்து செய்வது ஓலைதான். பலாப்பழத்தைத் தென்னோலை பின்னிச் சுற்றிக் கட்டுவோம். மாதுளைக்கும் அன்னமுன்னாவுக்கும் (சீத்தாப்பழம்) சின்னப் பனையோலைக் குட்டான் (ஓலைப் பெட்டி) போல முடைந்து மாட்டுவோம். அணிலுக்கு உள்ளே பழம் இருப்பது தெரியும். ஆனால் காய்ந்த ஓலையைக் கடிக்கும்போது வருகிற சத்தம் அதற்கே பிடிக்காது என்று அம்மம்மா சொல்லுவா. அது உண்மையோ இல்லையோ, எங்கள் வீட்டில் ஓலை கட்டிய பழம் தப்பியிருக்கிறது. காற்றும் போய் வரும், பொலித்தீனில் கட்டினால் வருகிற வியர்வையும் அழுகலும் இல்லை.

வைகைக்கரை

ஓலைக் குட்டான் அருமையான யோசனை. இங்கே பனை ஓலை வாங்குவதுதான் சிரமம். ஊருக்குப் போகும்போது கொண்டுவரப் பார்க்கிறேன். வலையைப் பற்றியும் யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா?

கூண்டுக்கத்தரி (கோயம்புத்தூர்)

வலையைப் பற்றி நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு தப்பு செய்து வருத்தப்பட்டவன் நான்.

மெல்லிய நைலான் பறவை வலையை முதலில் நான் தொளதொளவென்று செடிமேல் போர்த்தினேன். அணில் அதைக் கடித்து உள்ளே போனது. அது போகட்டும். ஒரு நாள் காலையில் ஒரு கொண்டைக்குருவி கால் சிக்கித் தலைகீழாகத் தொங்கி இறந்து கிடந்தது. அடுத்த மாதம் தரையில் கிடந்த வலை நுனியில் ஒரு சாரைப்பாம்பு சிக்கி, செதில் எல்லாம் அறுந்து, கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அன்றோடு நைலான் வலையைத் தூக்கிப் போட்டேன். யாரிடமும் வாங்கச் சொல்வதில்லை.

இப்போது இருப்பது வெல்டு மெஷ் கூண்டு. துத்தநாகம் பூசிய கம்பி, கண் அளவு அரை அங்குலம். கடையில் ஒரு அங்குலக் கோழிவலையைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். நம் ஊர் மூன்று கோட்டு அணில் ஏறத்தாழ நூறு கிராம்தான் இருக்கும்; குட்டி அந்தக் கண்ணுக்குள் சாதாரணமாக நுழைந்துவிடும். பழைய இரும்புக் கட்டில் சட்டம் இரண்டு இருந்தது, அதையே தூணாக வைத்து ஆறடி நீளம், நாலடி அகலம், ஆறடி உயரத்துக்குக் கட்டினேன். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தேன், முதல் வாரமே அதன் வழியாக வந்துவிட்டது. ரப்பர் பட்டை அடித்து மூடினேன். அதன்பிறகு மூன்று வருடமாக உள்ளே ஒரு தக்காளிகூடக் கடிபடவில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று. கம்பிக்கும் பழத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி வேண்டும். ஒட்டி இருந்தால் வெளியில் நின்றபடியே கடிக்கும். அப்புறம் மகரந்தம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்குக் கவலையில்லை. காலையில் கொப்பை லேசாகத் தட்டிவிட்டால் போதும். பூசணி, சுரை, பாகல் வகைகளைக் கூண்டுக்குள் வைத்தால் நீங்கள்தான் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட வேண்டும். சின்னத் தேனீ நுழையும், பெரிய கருவண்டு சிரமப்படும். நான் கொடிகளை வெளியில் விட்டுவிட்டேன். பாகற்காயை அணில் சீண்டுவதில்லை.

வாழைமட்டை (சேலம்)

இவ்வளவு செலவு எதற்கு? எலிப்பொறிக் கூண்டில் தேங்காய்ச் சில்லு வைத்துப் பிடித்து, ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டால் முடிந்தது. கொல்லவும் இல்லை.

சிட்டுக்குருவி

தயவுசெய்து வேண்டாம். காலியான இடத்துக்கு அடுத்த மரத்து அணில் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். புது இடத்தில் விட்ட அணிலுக்குக் கூடும் தெரியாது, உணவிடமும் தெரியாது.

மஞ்சள்கொத்து (ஈரோடு)

நான் இதைச் செய்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். போன வருடம் பங்குனியில் ஒரு அணிலைப் பிடித்து ஆற்றங்கரைத் தோப்பில் விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் ஏசி வெளிப்பெட்டிக்குப் பின்னாலிருந்து கீச்சென்று சத்தம். தேங்காய் நார், கிழிந்த துணி, துடைப்பக் குச்சி எல்லாம் வைத்துக் கட்டிய கூட்டில் கண் திறக்காத மூன்று குட்டிகள். நான் கொண்டுபோய் விட்டது தாயை. தோப்புக்குத் திரும்பப் போய் அரைநாள் தேடினேன். கிடைக்கவில்லை. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, சொட்டு சொட்டாகப் பால் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றுதான் பிழைத்தது. என் மகள் இன்னும் அதைப் பற்றிக் கேட்கிறாள். பிடித்துக் கொண்டுபோய் விடுவது இரக்கமான வழி என்று நான் நினைத்திருந்தேன்.

வாழைமட்டை

மஞ்சள்கொத்து அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. கூண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

பனிக்காலத்தக்காளி (டொராண்டோ)

இங்கே இருக்கிற சாம்பல் அணில் நம் ஊர் அணிலைப் போல நாலைந்து மடங்கு எடை. கறுப்பாக இருப்பதும் அதே இனம்தான். கத்தரி, தக்காளி, பச்சை மிளகாய் எல்லாம் தொட்டியில் போட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் வலையை நூல் போலக் கடித்துவிடும், கம்பி வலைதான். இலையுதிர்காலத்தில் கொட்டைகளை ஒவ்வொன்றாக நம் தொட்டிகளில் புதைத்து வைக்கும், அதற்காகவே செடியைப் பிடுங்கும். துலிப் கிழங்கைத் தோண்டித் தின்னும், டாஃபடில் கிழங்கைத் தொடாது, அதில் நஞ்சு இருக்கிறது. நான் துலிப்பைச் சுற்றி டாஃபடில் நடுகிறேன். பிடித்து விடுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால்: இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் பிடித்த விலங்கை ஒரு கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும் என்பது சட்டம். அவ்வளவு அருகில் விட்டால் அது நடந்தே வந்துவிடும்.

தோப்புக்காரர்

பறிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். தக்காளி அடியில் லேசாக இளஞ்சிவப்பு ஓடியதும் பறித்துவிடுங்கள். வீட்டுக்குள் கூடையில் மூன்று நாளில் பழுத்துவிடும், ருசி குறையாது. கொய்யா பச்சை வெளுத்ததும், சப்போட்டா தோல் பொருக்கு உதிர ஆரம்பித்ததும், சீத்தாப்பழம் கண்களுக்கிடையே மஞ்சள் விரிந்ததும் பறிக்கலாம். இவையெல்லாம் பறித்த பிறகு பழுக்கும் ஜாதி. மாதுளை, திராட்சை பறித்தபின் இனிப்பு ஏறாது. அத்தியும் செடியிலேயே பழுக்க வேண்டும். அதனால் கம்பி, துணி, ஓலை எல்லாவற்றையும் இந்த மூன்றுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். முழு மாடியையும் மூடப் பார்த்தால் பணமும் தீரும், மனசும் வெறுக்கும்.

மண்புழு

அணில் கடித்த கொய்யா இனிக்கும் என்பார்களே, எங்கள் வீட்டில் கடித்த பக்கத்தை வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடுவோம். அது சரியா?

சிட்டுக்குருவி

இனிப்பது உண்மைதான், அது நன்றாகப் பழுத்ததைத் தேர்ந்தெடுத்துக் கடிக்கிறது. ஆனால் வெட்டிச் சாப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். கடித்தது அணிலா, வௌவாலா, எலியா என்று நமக்குத் தெரியாது. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது கடிபட்ட பழத்தை உண்ணவேண்டாம் என்று கேரளத்தில் சொன்னது பழந்தின்னி வௌவாலை நினைத்துத்தான். எலி கடித்ததென்றால் அது வேறு தொல்லை. கடிபட்டதை அதே செடியடியில் போட்டுவிடாமல், மாடியின் ஒரு மூலையில் தனியாக ஒரு தட்டில் வையுங்கள். அணில் அங்கே வந்து தின்னும்.

தண்ணீரும் வையுங்கள். பங்குனி, சித்திரையில் எங்கள் மாடியில் தக்காளிச் சேதம் அதிகம். அகலமான மண்சட்டியில் தினமும் தண்ணீர் மாற்றி வைக்கத் தொடங்கிய வருடம் பாதியாகக் குறைந்தது. என் மாடியில் நடந்ததைச் சொல்கிறேன், எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை.

கூண்டுக்கத்தரி

ஒன்று விட்டுப்போனது. அந்துருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிடச் சொல்லும் காணொளிகள் நிறைய வருகின்றன. அது நஞ்சு. உண்ணும் செடிப் பக்கத்தில், குழந்தைகள் இருக்கும் வீட்டில், கட்டவே கூடாது. எலி மருந்தும் அப்படித்தான். மருந்து தின்ற எலியைப் பிடித்த ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகும்.

வைகைக்கரை (ஆறு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ஐயாவிடம் போய்ப் பேசினேன். கிளையில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்று அவரே சொன்னார். கூடு மேல் கொப்பில் இருந்தது. சுவர்ப்பக்கக் கிளையை மட்டும் கழித்தார். அணில் வருவது நிற்கவில்லை, கேபிள் கம்பி வழியாக வருகிறது. ஆனால் முன்பு பத்துத் தடவை என்றால் இப்போது இரண்டு மூன்று தடவை.

தக்காளியை நிறம் மாறும்போதே பறிக்கிறேன். இந்த ஆறு வாரத்தில் கடிபட்டது மொத்தம் ஏழு பழம். மாதுளையில் புதுப் பிஞ்சு பதினான்கு. எலுமிச்சை அளவு வருமுன்னே புழுவுக்காகத் துணிப்பை கட்டிவிட்டேன். காய் பெருத்ததும் அதன்மேல் துருப்பிடிக்காத எஃகுக் கொசுவலையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, உருட்டி, ஓரத்தை மெல்லிய கம்பியால் தைத்துப் பையாக மாட்டுகிறேன். அலுமினிய வலையில் ஒன்று செய்து பார்த்தேன், பிய்த்துவிட்டது. எஃகு வலைமேல் பல் பட்ட தடம் மட்டும் இருக்கிறது. கொய்யாவுக்கும் துணிப்பைதான், வௌவாலுக்கு அது போதுமாக இருக்கிறது, பழ ஈயும் வரவில்லை.

தண்ணீர்ச் சட்டி வைத்தாயிற்று. பக்கத்தில் அம்மா தன் பங்குக்கு ஒரு பிடி சோறு வைக்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஒரு புதுச் சங்கதி. ரோஜாத் தொங்கு தொட்டியின் தேங்காய் நார் உறையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போகிறது. கூடு கட்டுகிறது என்று புரிகிறது. இதற்கு என்ன செய்வீர்கள்?

மஞ்சள்கொத்து

உரித்த தேங்காய் மட்டை இரண்டைச் சுவரோரம் வைத்துவிடுங்கள் அண்ணா. தொட்டியை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ளும். நான் இந்த வருடம் அப்படித்தான் செய்தேன். அப்புறம் ஏசி பெட்டியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி மூடி இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூடு கட்டி முடிந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் தொடாதீர்கள். குட்டிகள் பால் மறந்து தானாக வெளியே திரிய அவ்வளவு நாள் ஆகும்.

வைகைக்கரை

இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். தொட்டி மூடிக்கு அடியில் இல்லை. சுவரோரம் மட்டை வைத்திருக்கிறேன். அத்தி முதல் காய் வைத்திருக்கிறது, ஆறு. எஃகு வலை மூன்றுக்குத்தான் மிச்சம் இருந்தது. நாளைக்குப் போய் இன்னும் ஒரு மீட்டர் வாங்க வேண்டும்.